ஆலா முட்டைக்கு ஒரு சாண் மணல்

கடலை ஒட்டி ஒரு ஊர்ல ஒரு கழி இருந்துச்சு. கழின்னா என்னன்னு கேக்குறியா? ஆறுன்னும் சொல்ல முடியாது, கடல்னும் சொல்ல முடியாது, நடுவுல கிடக்குற தண்ணி. மழைக்காலத்துல மேக்கேயிருந்து நல்ல தண்ணி வரும். மத்த நாள்ல கிழக்கேயிருந்து உப்புத்தண்ணி வரும். முழங்கால் ஆழம், மிஞ்சிப்போனா இடுப்பு ஆழம். இறாலும் நண்டும் மடவை மீனும் அதுல குஞ்சா நுழைஞ்சு பெருசாகிப் போவும். போர்வையைக் காலுக்கு இழுத்துக்கோ. ம் கொட்டு, அப்பதான் மேல சொல்லுவேன்.

ம்.

அந்த ஊர்ல தேசம்மான்னு ஒரு பொம்பளை. வலை கிடையாது, படகு கிடையாது, தூண்டில்கூடக் கிடையாது. ரெண்டு கை, ஒரு பனையோலைப் பறி, அவ்வளவுதான் அவ சொத்து. பறின்னா வாய் குறுகின கூடை. கழியில இறங்கி, முட்டி போட்டு, சேத்துக்குள்ள ரெண்டு கையையும் விட்டுத் தடவிக்கிட்டே போவா. விரலுக்கு நடுவுல இறால் துடிக்கும். டப்புனு பிடிச்சுப் பறியில போடுவா. ரெண்டு கையும் சேத்துல இருந்தா பறியை எங்கே வெச்சுக்கிறது? பல்லால கவ்விக்கிட்டு, தாடைக்குக் கீழே தொங்கவிட்டுக்குவா. காலையில இறங்கினா உச்சி வெயில் வரைக்கும் வாயில பறிதான். கரையில போறவங்க "இன்னா தேசம்மா, இறால் கீதா?"ன்னு கேட்டா, "ம்." "தண்ணி சூடா கீதா?" "ம்." உன்னை மாதிரியேதான், எல்லாத்துக்கும் ஒரே பதில்.

பக்கத்து வீட்டுப் பவுனும் அதே வேலைதான் செஞ்சா. ஆனா பவுனுக்குப் பேசாம இருக்க முடியாது. ஒரு வார்த்தை சொல்றதுக்காகப் பறியைத் தண்ணியில விட்டுட்டு, அப்புறம் அதைப் பிடிக்க சளக் சளக்னு ஓடுவா. பிடிச்ச இறால்ல பாதி அப்படியே போயிடும். "போனா போவுது, வாயில இருந்த வார்த்தை போச்சுன்னா திரும்ப வருமா"ம்பா.

அப்போ ஒரு மாசி மாசம். தேசம்மா சேத்துல கையை விட்டா, சேறு வெதுவெதுன்னு இருந்துச்சு. மறுநாள் கொழகொழன்னு இருந்துச்சு. அதுக்கும் மறுநாள் ஒரு இறாலைப் பிடிச்சா, அது துடிக்கவே இல்லை. கையில வெச்சுப் பாத்தா உயிர் இருந்துச்சு, ஆனா ஓடணும்னு அதுக்குத் தோணலை. பறியை வாயிலேருந்து எடுத்துட்டு, எழுந்து நின்னு கிழக்கே பாத்தா.

கழிக்கும் கடலுக்கும் நடுவுல நீளமா ஒரு மணல்திட்டு உண்டு. அந்தத் திட்டுல ஒரு இடத்துல மட்டும் வழி விட்டிருக்கும், அதுக்குப் பேரு முகத்துவாரம். அதுதான் கழிக்கு வாய், அது வழியாத்தான் கழி மூச்சு விடும். அந்த வாயைக் கடல் மணலைக் கொட்டி அடைச்சிருச்சு.

ம்.

அடைச்சா என்ன ஆவும்? தண்ணி அப்படியே நின்னு வெயில்ல கொதிக்கும். பச்சையா பாசி கட்டும், நாறும். அப்புறம் ஒவ்வொண்ணா சாவும். முதல்ல கெண்டைக்குஞ்சு, அப்புறம் மடவை, அப்புறம் நண்டு கரையேறி வந்து மணல்லயே கிடக்கும். பத்து நாள் விட்டா கழியில ஒண்ணும் மிச்சம் இருக்காது. வலை வெச்சிருக்கிறவன் கடலுக்குப் போவான். கை மட்டும் வெச்சிருக்கிறவ எங்கே போவா?

அதனால ஊர் கூடுச்சு. அந்த ஊர்ல ஒரு வழக்கம் இருந்துச்சு, கேளு. முகத்துவாரம் அடைச்சா ஊரே சேர்ந்து மம்முட்டியால வெட்டித் திறக்கணும், வீட்டுக்கு ஒரு ஆள். எங்கே வெட்டுறதுன்னு சீட்டுப் போடுவாங்க. எல்லா வீட்டுப் பேரையும் ஓலைத்துண்டுல எழுதிக் குடத்துல போட்டு, ஊர்ப் பெரியவர், நாட்டாருன்னு சொல்லுவாங்க அவரை, கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணு எடுப்பாரு. யாரு பேரு வருதோ அந்த வீடுதான் இடம் காட்டணும், முதல் வெட்டும் போடணும். அப்புறம் தண்ணி ஓடுற வரைக்கும் அந்த இடத்தைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது.

ஏன் அப்படின்னா, முன்ன ஒரு காலத்துல பாதி ஊர் இங்கே வெட்டலாம்னு நின்னுச்சு, பாதி ஊர் அங்கே வெட்டலாம்னு நின்னுச்சு. சண்டை போட்டு ரெண்டு இடத்துலயும் வெட்டினாங்க. ரெண்டும் தூந்துபோய், அந்த வருஷம் கழியே செத்துப்போச்சாம். அதுலேருந்து இந்தக் கட்டுப்பாடு. நல்லதுக்குத்தான் வெச்சாங்க.

அந்தத் தரம் ஓலையில வந்த பேரு தேசம்மா.

கூட்டத்துல யாரோ கிசுகிசுன்னு, "கழியில தடவுறவளுக்குக் கடலைப் பத்தி இன்னா தெரியும்"னாங்க. பவுனு திரும்பி, "உனுக்குக் கடல் தெரியும், சீட்டுக்கு உன்னைத் தெரியலையே, இன்னா பண்றது"ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. தேசம்மா சிரிக்கலை. அவ பேரு அந்தக் குடத்துலேருந்து வந்ததே அதுதான் முதல் தரம்.

அப்புறம் அவ மட்டும் திட்டு மேல நடந்து போனா. பழைய வாய் இருந்த இடத்துலதான் மணல் ஒடுக்கமா இருந்துச்சு. அங்கே வெட்டினா ஒரே நாள்ல முடிஞ்சிடும். குனிஞ்சு மணலைத் தொடப் போனா. கிரீக்... கிரீக்... சர்ருனு தலைக்கு மேல என்னமோ பாஞ்சுச்சு. கையைத் தூக்கிக்கிட்டுக் கீழே பாத்தா, கால் பெருவிரலுக்கு முன்னால மணல்ல ரெண்டு முட்டை. மணல் நிறத்துல, மேல புள்ளி புள்ளியா. இன்னொரு அடி வெச்சிருந்தா மிதிச்சிருப்பா.

ஆலா முட்டை. ஆலான்னா கடல்ல பறக்குமே, வெள்ளை உடம்பு, தலையில கறுப்புத் தொப்பி, மஞ்ச மூக்கு. அது கூடெல்லாம் கட்டாது. மணலை நெஞ்சால தேச்சு ஒரு குழி பண்ணி முட்டையை இட்டுடும். வெயில் ஏறினா கடலுக்குப் போய் வயித்தை நனைச்சுக்கிட்டு வந்து, அந்த ஈரத்தோட முட்டை மேல உக்காரும், முட்டை சூடு தாங்கணுமே. படகுல போறவங்களுக்கு ஆலாதான் கண்ணு. ஆலா கூட்டமா எங்கே விழுதோ அங்கே மீன் இருக்குன்னு அர்த்தம். அதனால அந்த ஊர்ல யாரும் ஆலா முட்டையைத் தொட மாட்டாங்க, தாண்டிப் போவாங்க.

தேசம்மா நிமிந்து பாத்தா. ஒண்ணு ரெண்டு இல்லை. ஒடுக்கமான மணல் பூரா முட்டை.

ம்.

அங்கே வெட்டினா கழி பிழைக்கும், ஆலா போயிடும். வெட்டலைன்னா கழி போயிடும். அவ ரொம்ப நேரம் நின்னா. அப்புறம் தெக்கே நடந்தா, முப்பது தப்படி. அங்கே மணல் மூணு பங்கு அகலம். மூணு பங்கு வேலை. ஆனா ஒரு முட்டைகூட இல்லை. அங்கே குதிகாலால ஒரு கோடு இழுத்தா. "இங்கே."

ஊர் ஆளுங்க மம்முட்டியோட வந்து நின்னாங்க. அதுல வேதகிரின்னு ஒருத்தரு, முப்பது வருஷமா கடலுக்குப் போறவரு. அவரு அந்தக் கோட்டைப் பாத்தாரு. வடக்கே முட்டை இருக்கிற பக்கம் பாத்தாரு. வாயைத் திறந்தாரு. அப்புறம் துண்டை எடுத்து முகத்தைத் துடைச்சுக்கிட்டு, வாயை மூடிக்கிட்டாரு. தேசம்மா அதைப் பாத்தா. வெயில்தான்னு நினைச்சுக்கிட்டா.

முதல் வெட்டு அவ போட்டா. நங்.

முதல் தரம் வெட்டினாங்க. ரெண்டு பக்கமும் ஈர மணல் சொத சொதன்னு சரிஞ்சு, பாதியில தூந்துபோச்சு. நாலு மம்முட்டி உள்ளேயே புதைஞ்சு போச்சு.

ரெண்டாவது தரம் அகலமா வெட்டினாங்க. தண்ணி எட்டிப் பாத்துச்சு. ஆனா வெளியே பாஞ்சு மணலை இழுக்கிறதுக்குக் கழித்தண்ணிக்குத் தெம்பு இல்லை. கடல் ஒரு அலை அடிச்சுச்சு, தொம்னு ஒரு வண்டி மணலைக் கொண்டுவந்து வாயில போட்டுட்டுப் போயிடுச்சு. அன்னிக்குக் கழியோரம் பூரா மீன் செத்து வெள்ளிக்கோடு மாதிரி கிடந்துச்சு. எல்லாரும் அவளைத் தாண்டிப் பாத்தாங்க, அவளைப் பாக்கலை. கட்டுப்பாடு இருக்கிறதால யாரும் வாயால எதுவும் சொல்லலை. சொல்லியிருந்தாக்கூடத் தேவலைன்னு இருந்துச்சு அவளுக்கு.

மூணாவது தரம் அமாவாசை வரைக்கும் காத்திருந்தாங்க. கடல் நல்லா ஏறுற நேரம் பாத்து கடைசி ரெண்டு முழ மணலை வெட்டினாங்க. சல... சல... சலசல... கடகடகடன்னு கடல் உள்ளே வந்துச்சு. வந்த தண்ணி திரும்பிப் போறப்போ மணலை அள்ளிக்கிட்டுப் போச்சு. வாய் தானா அகலமாச்சு, ஆழமாச்சு. பவுனு மம்முட்டியைப் போட்டுட்டுத் தண்ணியில அப்படியே உக்காந்துட்டா. "யக்கா, ஜில்லுன்னு கீதுக்கா"ன்னா. தேசம்மா கையை உள்ளே விட்டுப் பாத்தா. ஜில்லுனுதான் இருந்துச்சு.

இங்கேயே கதை முடிஞ்சிருந்தா நல்லா இருக்கும், இல்லே? எனக்கும்தான். ம் கொட்டு.

ம்.

நாலாம் நாள் தேசம்மா முட்டைங்களைப் பாத்துட்டு வரலாம்னு திட்டுக்குப் போனா. போனா, முகத்துவாரம் அவ வெட்டின இடத்துல இல்லை. அவ இழுத்த கோட்டு மேல மணல் மேடு ஏறியிருந்துச்சு. வாய் வடக்கே தள்ளி வந்திருந்துச்சு, முட்டைக்கு இன்னும் பத்து தப்படிதான் பாக்கி. கரையோரம் மணல் பொத்... பொத்துனு தண்ணியில விழுந்துக்கிட்டே இருந்துச்சு. அங்கே வேதகிரி குத்துக்கால் போட்டு உக்காந்திருந்தாரு.

"அண்ணே, முந்தாநேத்து இந்தக் கரை அங்கே இருந்துச்சு."

"இருந்துச்சு."

"நாளைக்கு?"

"இன்னும் வடக்கே வரும். பங்குனி பொறந்தா கடல் தெக்கேயிருந்து வடக்கே இழுக்கும். தெக்குக் கரையில மணலைப் போடும், வடக்குக் கரையை அறுக்கும். வாய் நடந்துக்கிட்டே போவும்மா. ஆடி வரைக்கும் நிக்காது."

"வெட்டுறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியுமா?"

"படகுல போற எல்லாருக்கும் தெரியும்."

"ஒருத்தரும் சொல்லலையே."

"இடம் காட்டினது நீ. நாங்க எப்படிப் பேசுறது? கட்டுப்பாடு."

அவ வடக்கே கையைக் காட்டினா. "முட்டைக்கு வடக்கே வெட்டியிருந்தா?"

"வாய் அப்படியே அந்தப் பக்கமா போயிருக்கும். முட்டை எல்லாம் இங்கேயே கிடந்திருக்கும்." அவரு எழுந்து மணலைத் தட்டிவிட்டுக்கிட்டாரு. "கழிக்காரி உனக்கு அது எப்படித் தெரியும். எங்க மேலதான் தப்பு."

தேசம்மா ஒண்ணும் சொல்லலை. அன்னிக்கு அவ வாயில பறிகூட இல்லை. இருந்தும் சொல்லலை.

அப்புறம் மறுபடி ஊர் கூடுச்சு. சிலபேரு முகத்துவாரத்தை மூடிடலாம்னாங்க. மூடினா கழி சாவும். சிலபேரு பறவைதானே, விடுங்கன்னாங்க. அப்போ தேசம்மா எழுந்தா. கூட்டத்துல அவ எழுந்து நின்னதே கிடையாது. "மூடினா என் கழி போவுது. விட்டா உங்க ஆலா போவுது. முட்டை பொரிக்க இன்னும் பத்து பதினைஞ்சு நாள்தான். அது வரைக்கும் அந்தக் கரையைப் பிடிச்சு நிறுத்தணும். எப்படின்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க இப்பவாச்சும் பேசுங்க."

எல்லாரும் நாட்டாரைப் பாத்தாங்க. அப்புறம் நாட்டாரு, "இனிமே இந்த விஷயத்துல கட்டுப்பாடு இல்லை, பேசுங்கப்பா"ன்னாரு. அவ்வளவுதான், எல்லாரும் ஒரே நேரத்துல பேசினாங்க. ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்குக் கேக்கலை.

முதல்ல சவுக்குக் கம்பு அடிச்சாங்க. ஊர் பூரா வந்துச்சு. ஆம்பளைங்க தண்ணியில நின்னு கம்பைப் பிடிக்க, பொம்பளைங்க பனைமட்டையை நடுவுல செருகிக் கயித்தால கட்டினாங்க. தேசம்மா கூடு ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு சிப்பியைக் குத்திவெச்சு எண்ணினா. நாப்பத்தி மூணு. ஆலாவுக்கு யாரு நல்லவன் யாரு கெட்டவன்னு தெரியுமா? கிரீக்னு வந்து எல்லார் தலையிலயும் கொத்துச்சு, எச்சம் போட்டுச்சு. பவுனு வீட்டுக்குப் போய் அலுமினியச் சட்டியைத் தலையில கவுத்துக்கிட்டு வந்தா. மறுநாள் பாத்தா ஊரே சட்டியோட நிக்குது. டங்... டங்... கொத்துறப்போ ஆளுக்கு ஒரு சத்தம். நாட்டாரு தலையில இட்லிப் பானை. "நாட்டாரே, வெந்துச்சான்னு பாக்கட்டுமா?"ன்னா பவுனு. அஞ்சு நாள் கரை அசையலை.

ஆறாம் நாள் தெக்கத்திக் காத்து அடிச்சுச்சு. உய்ய்ய்னு ஒரு காத்து. சாயங்காலத்துக்குள்ள கம்பெல்லாம் ஒண்ணொண்ணா பிடுங்கிக்கிட்டுப் போச்சு. கம்போட கரை போச்சு, கரையோட பன்னெண்டு கூடு போச்சு. பறவைங்க தண்ணிக்கு மேலேயே சுத்திக்கிட்டிருந்துச்சு.

அப்புறம் வேதகிரி அவரோட பழைய படகைத் தள்ளிக்கிட்டு வந்தாரு. அதைக் கரை மூலையில குறுக்கே நிறுத்தி, ஓட்டையைப் போட்டு, உள்ளே மணல்மூட்டையை அடுக்கி அமிழ்த்திட்டாரு. அவரு பொண்டாட்டி கரையில நின்னு, "கல்யாணத்துக்கு எங்கப்பா குடுத்த படகு"ன்னு மட்டும் சொன்னாங்க. வேதகிரி, "தெரியும்டி"ன்னாரு. படகு மூணு நாள் தாங்குச்சு. நாலாம் நாள் படகுக்கு அடியில தண்ணி தோண்டி, படகு ஒருபக்கமா உருண்டு, கடலுக்குள்ள போயிடுச்சு. இன்னொரு ஒன்பது கூடு போச்சு.

ம்.

தூங்கிட்டியோன்னு பாத்தேன். கேக்குறியா? சரி.

அப்போ மிச்சம் இருந்தது இருபத்திரெண்டு கூடு. மம்முட்டி தோத்துச்சு, கம்பு தோத்துச்சு, படகும் தோத்துச்சு. தேசம்மா கரையில உக்காந்து யோசிச்சா. கரையை நகராம பிடிக்க முடியலைன்னா, கூட்டையே நகத்தினா என்ன? ஆனா முட்டையைத் தூக்கிக் கொஞ்சம் தூரமா வெச்சா தாய்ப்பறவைக்குத் தெரியாது. அது பழைய குழிக்குத்தான் வரும். அதனால அவ ஒரே ஒரு கூட்டை ஒரு சாண் மட்டும் நகத்தி வெச்சுப் பாத்தா. தள்ளிப் போய்ப் படுத்துக்கிட்டா. ஆலா வந்துச்சு. பழைய குழியில நின்னு அங்கேயும் இங்கேயும் பாத்துச்சு. அப்புறம் தத்தித் தத்தி ஒரு சாண் நடந்து முட்டை மேல உக்காந்துச்சு.

அவ மூச்சு விட்டா.

அப்புறம் கையால இறால் பிடிக்கிற பொம்பளைங்க எல்லாரும் வந்தாங்க. சேத்துக்குள்ள கண்ணால பாக்காமலே இறாலை நசுங்காம எடுக்கிற விரல் இல்லையா, அந்த விரலால ஒவ்வொரு முட்டையா எடுத்து, புதுக்குழி பண்ணி, வடக்கே ஒரு சாண் வெச்சாங்க. ஒரு நாளைக்கு ஒரு சாண். அதுக்கு மேல போனா தாய் வராது.

ஆனா காத்து அடங்கினப்புறமும் தண்ணி ஒரு நாளைக்கு ஒரு முழம் வந்துச்சு. ஒரு முழம்னா எத்தனை சாண்? ரெண்டு. ஆமா. தினம் ஒரு சாண் அவங்க தோத்துக்கிட்டே இருந்தாங்க. அது எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சேதான் தினமும் வந்து குனிஞ்சாங்க.

நடுவுல ஒண்ணொண்ணா பொரிக்கவும் பொரிச்சுச்சு. காலையில சிப்பி இருக்கும், பக்கத்துல குழியில ஓடு மட்டும் இருக்கும். குஞ்சு ரெண்டே நாள்ல எழுந்து வடக்கே ஓடிடும், காலு முளைச்ச பஞ்சு மாதிரி, குடுகுடுகுடுன்னு. பவுனு எண்ணுவா. மூணு. ஏழு. பதினொண்ணு. கூட்டைத் தண்ணி எடுத்த அன்னிக்கு அவ எண்ண மாட்டா. பறியை வாயில கவ்விக்கிட்டுச் சும்மா இருப்பா.

கடைசியா ஒரே ஒரு கூடு. அதுல ஒரே ஒரு முட்டை. தேசம்மா அதைக் கையில எடுத்தப்போ உள்ளேயிருந்து டிக்... டிக்குனு சத்தம். குஞ்சு உள்ளேயிருந்து தட்டுது. இன்னிக்கு ராத்திரி இல்லைன்னா நாளைக் காலையில வெளியே வந்துடும். ஆனா அன்னிக்குக் கடல் கொஞ்சம் வேகமா அறுத்துச்சு. குழிக்கும் தண்ணிக்கும் நடுவுல நாலு விரல்தான். ஒரு சாண் நகத்தினா மத்தியானமே போயிடும். அவ ரெண்டு சாண் நகத்தினா. வேற வழி இல்லை.

தள்ளிப் போய் உக்காந்தா. ஆலா வந்துச்சு, நனைஞ்ச வயித்தோட. பழைய குழியில உக்காந்துச்சு. உள்ளே முட்டை இல்லை, ஆனாலும் உக்காந்துச்சு. ரெண்டு சாண் தள்ளி முட்டை வெயில்ல கிடந்துச்சு. தேசம்மா அங்கேயிருந்தே, "இந்தப் பக்கம்... இந்தப் பக்கம் பாரு தாயி"ன்னு முணுமுணுத்தா. அதுக்கு எப்படிக் கேக்கும். பொத்துனு மணல் இடிஞ்சு அந்தக் குழி தண்ணிக்குள்ள போச்சு. ஆலா எழுந்து பறந்துடுச்சு.

முட்டைக்கு வெயில் ஆவாதே. அவ ஓடிப்போய் முட்டைக்கு நிழல் விழுற மாதிரி நின்னா. அவ நின்னா பறவை வராது. அவ நகந்தா வெயில் சுடும். கொஞ்சம் நிப்பா, கொஞ்சம் நகருவா. பவுனு வந்து கொஞ்சம் நின்னா. வேதகிரி வந்து கொஞ்சம் நின்னாரு. நின்னுட்டு, எல்லாருமா தூரமா போய்க் காத்திருந்தாங்க. ஆலா திரும்பி வந்துச்சு. மறுபடி வயித்தை நனைச்சுக்கிட்டுதான் வந்துச்சு. குழி இருந்த இடத்துக்கு நேரா, தண்ணிக்கு மேல, றெக்கையை அடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுச்சு. அது வயித்துலேருந்து ஈரம் சொட்டு சொட்டா கடல்லயே விழுந்துச்சு. அப்புறம் போயிடுச்சு.

சாயங்காலம் தேசம்மா முட்டையைக் காதுகிட்ட வெச்சுப் பாத்தா. டிக்குனு ஒண்ணும் கேக்கலை.

"அந்தக் குஞ்சு?"

வரலை, கண்ணு. அது வரலை.

வெயில் இறங்கினதும் எல்லாரும் கிளம்பினாங்க. வேதகிரி போகாம நின்னாரு. "பதினொண்ணு ஓடிச்சும்மா. கழி உயிரோட கீது. வா, வீட்டுக்குப் போலாம்."

"நீங்க போங்கண்ணே."

"இன்னும் இங்கே இன்னா இருக்கு?"

"அது இன்னொரு தரம் வந்து தேடும். யாராச்சும் சொல்லணுமே."

"பறவைகிட்ட இன்னாத்தம்மா சொல்லுவே?"

முட்டையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அவரு கொஞ்ச தூரம் போனாரு. அப்புறம் திரும்பி வந்து, பக்கத்துல மணல்ல உக்காந்துக்கிட்டாரு.

"பறவை வந்துச்சா?"

வந்துச்சு. வெளிச்சம் போறதுக்குள்ள வந்துச்சு. ஒரு சுத்து சுத்துச்சு, ரெண்டு சுத்து சுத்துச்சு. மூணாவது சுத்துல தேசம்மா எழுந்து நின்னு என்னமோ சொன்னா. பக்கத்துல இருந்த வேதகிரிக்கே அது கேக்கலை, அலைச்சத்தம் அப்படி. அப்புறம் அது வடக்கே, அந்தப் பதினோரு குஞ்சுங்க ஓடின பக்கமா பறந்து போச்சு.

கதை கரையேறிடுச்சு. நீயும் கண்ணை மூடு.